மழை ரோட்டில் கார் சொன்ன பேச்சு கேட்காமல் போவது ஏன்?

ஐப்பசி பிறந்துவிட்டால் நெல்லைப் பக்கத்துச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: கட்டுப்பாட்டை இழந்த கார் சென்டர் மீடியனில் மோதிக் கவிழ்ந்தது. கயத்தாறு, கங்கைகொண்டான், நாங்குநேரி, வள்ளியூர் என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறும். படிப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். நாலு வழிச் சாலை, எதிரே வண்டி கிடையாது, ஓட்டியவர் குடிக்கவும் இல்லை, அப்புறம் எப்படி? "தூங்கியிருப்பான்" என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சில நேரம் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நன்றாக விழித்திருப்பவர் கையிலிருந்தும் கார் நழுவும்.

அதற்கடுத்த மார்கழி, தை மாதங்களில் டொரண்டோவில் இருக்கும் மகனிடமிருந்து "ஐஸ்ல கார் சுத்திருச்சும்மா, யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்று போன் வரும். அங்கே பனி, இங்கே மழை. காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஐஸில் அது அப்பட்டமாகத் தெரியும், நம் ரோட்டில் ஒளிந்திருக்கும்.

பிடிப்பு இருப்பது எங்கே?

ஒரு குடும்பக் கார் ஆளோடும் சாமானோடும் ஒரு டன்னுக்கு மேல் எடை. அது ரோட்டைத் தொடுவது நாலே நாலு இடத்தில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். பிரேக் பிடிப்பது, திருப்புவது, வேகமெடுப்பது எல்லாம் அந்த நாலு உள்ளங்கை ரப்பர் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

அந்த ரப்பருக்கும் ரோட்டுக்கும் இடையில் எவ்வளவு பிடிப்பு என்பதைச் சொல்லும் எண்ணுக்கு உராய்வுக் கெழு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காய்ந்த தார் ரோட்டில் அது சுமார் 0.7. நனைந்த ரோட்டில் 0.4 முதல் 0.6 வரை, டயரையும் ரோட்டையும் பொறுத்து. ஐஸில் 0.1 அளவுக்கு இறங்கிவிடும்.

இந்தப் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் அதே பணத்திலிருந்துதான் போக வேண்டும். வளைவில் திரும்ப முக்கால்வாசி பிடிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கும்போது பிரேக்கையும் அழுத்தினால் கையில் இருப்பது போதாது, டயர் சறுக்கும். காய்ந்த ரோட்டில் மிச்சம் நிறைய இருப்பதால் நாம் கணக்குப் பார்ப்பதே இல்லை.

பிரேக் முழுதாகப் பிடித்த பிறகு வண்டி நிற்க எவ்வளவு தூரம் ஆகும் என்று கணக்குப் போட்டால் இப்படி வரும் (நனைந்த ரோட்டுக்கு 0.4 என்று வைத்துக்கொண்டு):

1. மணிக்கு 60 கி.மீ. வேகம்: காய்ந்த ரோட்டில் 20 மீட்டர், நனைந்ததில் 35, ஐஸில் 140க்கு மேல்.
2. மணிக்கு 80 கி.மீ. வேகம்: காய்ந்ததில் 36 மீட்டர், நனைந்ததில் 63, ஐஸில் 250.
3. இதோடு, கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஆகும் ஒரு நொடியையும் சேர்க்க வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் கார் 22 மீட்டர் ஓடியிருக்கும்.

ஐஸில் 30 கி.மீ. வேகத்தில் போகும் காரும், காய்ந்த ரோட்டில் 80இல் போகும் காரும் நிற்க எடுக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிள்ளை "இங்க முப்பதுலதாம்மா போனேன்" என்று சொல்லும்போது, முப்பதில் போய் எப்படி இடிக்கும் என்று இங்கிருந்து கேட்பதற்கு இதுதான் பதில்.

இந்தக் கணக்கில் வண்டியின் எடை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். "ஏழு பேர் ஏறியாச்சு, வண்டி ரோட்டோட ஒட்டும்" என்பது நம் ஊரில் பெரியவர்கள் வாயிலேயே வரும் சமாதானம். எடை கூடினால் டயர் அழுத்துவதும் கூடும், நிறுத்த வேண்டிய பாரமும் அதே அளவு கூடும். இரண்டும் கழிந்துபோகும். ஆள் கூடுவதால் பிரேக் சூடாகும், டயர் அமுங்கும், பின்பக்கம் தாழும், அவ்வளவுதான்.

மழையின் முதல் கால் மணி நேரம்

கோடையில் மாதக்கணக்காக ரோட்டில் சொட்டிய ஆயில், தேய்ந்த டயரின் ரப்பர் துகள், புழுதி எல்லாம் தாருக்குள் படிந்து கிடக்கும். முதல் தூறல் அதைக் கழுவாது, கரைத்து மேலே கொண்டுவரும். கனமழை சற்று நேரம் பெய்து அடித்துக்கொண்டு போனபின் ரோடு ஓரளவு தேறிவிடும். ஆகவே வைப்பர் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அந்தச் சிறுதூறல்தான் வில்லங்கம் பிடித்தது. பைக் ஓட்டுபவர்களுக்கு இது தெரியும், காரில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

தண்ணீர் மேல் ஏறும் டயர்

கனமழையின் ஆபத்து வேறு வகை. 175 மி.மீ. அகலமுள்ள டயர், 3 மி.மீ. தண்ணீர் நிற்கும் ரோட்டில் 80 கி.மீ. வேகத்தில் உருண்டால், ஒரு நொடிக்குச் சுமார் 12 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஏறக்குறைய ஒரு குடம், ஒவ்வொரு நொடியும், ஒவ்வொரு முன்டயரும். இந்தத் தண்ணீர் போவதற்கு வழிதான் டயரில் வெட்டியிருக்கும் காடிகள். பஞ்சர் கடையில் 'பட்டன்' என்பார்கள். காடி ஆழம் குறைந்தாலோ, வேகம் கூடினாலோ, தண்ணீருக்குப் போக நேரமில்லாமல் டயருக்கு அடியிலேயே ஆப்பு மாதிரி சொருகி டயரைத் தூக்கிவிடும். இதை ஹைட்ரோபிளேனிங் என்கிறார்கள். அந்த நேரத்தில் ரப்பர் தாரைத் தொடவில்லை. பிடிப்பு ஐஸை விடவும் மோசம்.

உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், பவர் ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் பவராக்கினது மாதிரி. வீலுக்கு மேலே சளசளவென்று அடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் மாறும். முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால், ஆக்சிலரேட்டரை நீங்கள் கூட்டாமலே என்ஜின் ஒரு கணம் உறுமும். சக்கரம் பிடிமானமின்றிச் சுற்றுகிறது என்று அர்த்தம்.

எந்த வேகத்தில் இது தொடங்கும்? 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துச் சோதித்து ஒரு தோராய விதியைக் கண்டார்கள். பி.எஸ்.ஐ. கணக்கில் டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து அதை 16.7ஆல் பெருக்கினால் கி.மீ. கணக்கில் வேகம் கிடைக்கும். 32 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 94 கி.மீ.; 24 என்றால் 82. கார் டயருக்கு இதை அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது, தேய்ந்த டயரில் இன்னும் சீக்கிரமே ஆரம்பித்துவிடும். ஆனால் விதி காட்டும் திசை முக்கியம்: காற்று குறைந்தால் கார் சீக்கிரம் மிதக்கும். "மழைக்குக் காத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டா நல்லாப் பிடிக்கும் அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது மணலில் சிக்கிய வண்டிக்கான வைத்தியம்.

சரி, ஏன் எப்போதும் சென்டர் மீடியன்?

இதற்கு ரோட்டின் சரிவைப் பார்க்க வேண்டும். நாலு வழிச் சாலையில் நேரான இடத்தில் ஒவ்வொரு பக்கமும் வெளிப்புறமாக, அதாவது நம் இடது கைப் பக்கமாகச் சரிந்திருக்கும். மழைநீர் அந்தப் பக்கம் ஓடிவிடும். வளைவு வந்தால் கதை வேறு. வேகமாகத் திரும்பும் வண்டி வெளியே தள்ளாமல் இருக்க, ரோட்டை வளைவின் உட்பக்கமாகச் சாய்த்துப் போடுவார்கள். வலது பக்கம் திரும்பும் வளைவில் உட்பக்கம் என்பது மீடியன். அங்கே தண்ணீர் மீடியனை நோக்கித்தான் ஓடும். அதைக் கடத்திவிட வைத்திருக்கும் வடிகால் துளை மண்ணாலும் அரளிச் செடியின் சருகாலும் அடைத்திருந்தால், தண்ணீர் நிற்கும் இடம் வலது லேன். வேகமாகப் போகிறவர்கள் இருக்கும் லேன்.

இனி நடப்பதை வரிசையாகச் சொன்னால்:

1. கார் வலது லேனில் 90, 100இல் வருகிறது. வலது பக்கச் சக்கரம் இரண்டும் தேங்கிய தண்ணீரில் இறங்குகின்றன, இடதுபக்கம் இறங்கவில்லை.
2. தண்ணீர் வலது சக்கரங்களைப் பிடித்து இழுக்கிறது. கார் மீடியனை நோக்கித் திரும்புகிறது.
3. ஓட்டுபவர் பதறி இடது பக்கம் ஒடிக்கிறார். டயர் மிதந்துகொண்டிருப்பதால் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒடிக்கிறார்.
4. தண்ணீர் முடிகிறது. நன்றாக ஒடித்து வைத்த டயருக்கு ஒரே கணத்தில் பிடிப்பு திரும்பக் கிடைக்கிறது. கார் இடது பக்கமாக வெடுக்கென்று பாய்கிறது, பின்பக்கம் சுழன்றுவிடுகிறது.

இரண்டாவது படியில் முடிந்தால் மீடியனில் மோதல். நாலாவது வரை போனால் சர்வீஸ் ரோட்டுப் பள்ளத்தில் குப்புற. செய்தியில் இரண்டும் ஒரே வரிதான்.

இடது லேன் உத்தமம் என்றும் சொல்லிவிட முடியாது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வரும் கனரக லாரிகள் ஓடும் ரோட்டில், லாரிச் சக்கரம் அமுக்கிய தடம் இரண்டு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும். மழையில் அது இரண்டு வாய்க்கால். ஆனாலும் அங்கே இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்தே தண்ணீரில் இறங்குவதால், ஒரு பக்கமாக இழுப்பது குறைவு. மழையில் எனக்கு இடது லேன்தான் சம்மதம்.

நெல், தேரி மணல், கரிசல் சேறு

நம் பக்கத்துக்கென்று சில சறுக்கல்கள் இருக்கின்றன. இதற்கு மழையே வேண்டாம்.

கார் பருவத்து நெல் அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வரும், பிசானப் பருவத்து நெல் மாசி, பங்குனியில். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று தாமிரபரணிப் பாசனத்து ரோடுகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். நெல்மணி டயருக்கு அடியில் உருளும். உருளுகிற பொருளின் மேல் டயருக்குப் பிடிப்பு கிடைக்காது. வடக்கே மானூர், கயத்தாறு பக்கம் உளுந்துச் செடியை வண்டிச் சக்கரம் அடித்துக் கொடுக்கட்டும் என்று ரோட்டில் பரப்புவார்கள். அதே பகுதியில் மழைக்குப் பின் டிராக்டர் டயரில் ஒட்டி ரோட்டுக்கு ஏறும் கரிசல் சேறு, விளக்கெண்ணெய் தடவினது போல வழுக்கும். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் செம்மணல் மேடுகளிலிருந்து காற்று கொண்டுவந்து போடும் தேரி மணல்.

இவற்றுக்குப் பொதுவான ஒரு குணம், ரோட்டின் ஒரு பாதி மட்டும் கெட்டிருப்பது. இடது சக்கரங்கள் நெல்லிலும் வலது சக்கரங்கள் தாரிலும் இருக்கும்போது பிரேக்கை அமுக்கினால், பிடிப்புள்ள வலது பக்கம்தான் நிற்கும். கார் வலது பக்கம் திரும்பும், எதிரே வரும் பஸ்ஸை நோக்கி. தேங்கிய தண்ணீர் தன் பக்கம் இழுத்தது. இங்கே பிரேக் போட்டதால் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அதனால் பிரேக்கை நெல்லுக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, காலை எடுத்த நிலையில் அதன் மேல் ஏற வேண்டும். குவியலைச் சுற்றி வைத்திருக்கும் பாறாங்கல்லையும் பார்த்துக்கொள்ள வேண்டும், இரவில் அது தெரியவே தெரியாது. விவசாயியைத் திட்டுவது எளிது. ஊருக்கு ஊர் போதுமான உலர்களம் இருந்தால் அவர் ஏன் ரோட்டுக்கு வரப்போகிறார்?

ஐஸில் மட்டும் உள்ள சங்கதி

கனடாவில் 'பிளாக் ஐஸ்' என்பார்கள். அது கறுப்பு இல்லை, கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ். அடியில் உள்ள தார் தெரிவதால் வெறும் ஈரம் என்று நினைக்க வைக்கும். பாலங்கள் முதலில் உறையும். மண்ணின் சூடு அடியில் இல்லாமல் மேலும் கீழும் குளிர்காற்று படுவதுதான் காரணம். ஐஸ் உறுதியாக இருக்கும் கடுங்குளிரைவிட, 0 டிகிரியை ஒட்டி மேலே ஈரம் கசியும் நேரத்தில்தான் அது அதிகம் வழுக்கும்.

அங்கே குளிர்கால டயர் என்று தனியாக மாட்டுகிறார்கள். சாதாரண டயர் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகி, பிடிப்பை இழக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் மென்மையாகவே இருக்கும். கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம்.

திருநெல்வேலிக்கு 7 டிகிரி வரப்போவதில்லை. ஆனால் ரப்பர் இறுகுவது இங்கேயும் உண்டு, வெயிலாலும் வயதாலும். வீட்டுக் கார் மாதம் ஒரு முறை திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் போய்வரும், மற்ற நாளெல்லாம் வெயிலில் நிற்கும். காடி ஆழம் புதுசு மாதிரியே இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் தயாரானது. ஆறு வயது தாண்டிய டயரைப் பட்டன் இருக்கிறதே என்று மழைக்கு நம்ப வேண்டாம். காடிக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகளும் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் சட்டப்படியே கழற்ற வேண்டும். மழைக்கு 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

'ஏ.பி.எஸ். இருக்கே?'

பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கார் போன திசையிலேயே வழுக்கும். ஸ்டியரிங் வெறும் அலங்காரம். ஏ.பி.எஸ். என்ற பிரேக் அமைப்பு செய்வது, பூட்டப்போகும் சக்கரத்தைக் கண்டுபிடித்து நொடிக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிப்பது. லாபம், பிரேக் பிடித்தபடியே திருப்ப முடியும் என்பது. இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. ஐஸில் 250 மீட்டர் என்றால் ஏ.பி.எஸ்.ஸிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். மணலிலும் நெல்லிலும் சற்றுக் கூடவே ஆகலாம்.

அது வேலை செய்யும்போது பெடல் காலை எதிர்த்து உதைக்கும், அடியில் கடகடவென்று சத்தம் வரும். வண்டியில் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எடுக்கக் கூடாது, மிதித்தபடியே திருப்ப வேண்டும். இந்தியாவில் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். அதற்கு முந்தைய பல கார்களின் விலை குறைந்த மாடல்களில் இது இல்லை. பழைய கார் வாங்கியவர்கள், சாவியைத் திருப்பும்போது மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சறுக்கத் தொடங்கினால்

1. டயர் தண்ணீரில் மிதந்தால்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், கியர் வண்டி என்றால் கிளட்சை மிதிக்கலாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். பிரேக்கும் வேண்டாம், ஒடிப்பதும் வேண்டாம். ஒன்றிரண்டு நொடியில் டயர் தரைக்கு வந்துவிடும்.
2. முன்பக்கம் சறுக்கினால், அதாவது ஒடித்தும் வண்டி நேரே போனால்: வேகத்தைக் குறைத்து, ஒடித்ததைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். மனசு இன்னும் ஒடிக்கத்தான் சொல்லும்.
3. பின்பக்கம் சறுக்கினால்: பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, கார் நேரானதும் உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும். சொல்ல எளிது.

மூன்றாவதைச் செய்ய முறையான பயிற்சி வேண்டும், நம்மில் அநேகம் பேருக்கு அது கிடையாது. ஆகவே பின்பக்கம் சறுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. இங்கேதான் டயர் கடையில் ஒரு தப்பு நடக்கிறது. இரண்டு டயர் மட்டும் மாற்றும்போது "புதுசை முன்னாடி போட்ருவோம், இழுக்கிற வீல்லா" என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் முன்னால் பிடிப்பு நன்றாக இருந்து பின்னால் மொட்டையாக இருந்தால், நனைந்த வளைவில் முன்பக்கம் திரும்பிவிடும், பின்பக்கம் சுழன்று வரும். புதுசு எப்போதும் பின்னால். டயர் கம்பெனிகளின் பரிந்துரையும் இதுவே.

க்ரூஸ் கன்ட்ரோல் (வைத்த வேகத்தைத் தானே பிடித்துப் போகும் வசதி) உள்ள கார் என்றால் மழையில் அதை அணைத்துவிட வேண்டும். சக்கரம் மிதக்கும் நேரத்தில் அது தொடர்ந்து ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கொண்டிருக்கும்.

தேங்கும் தண்ணீர் யார் பொறுப்பு?

ஓட்டுபவர் செய்யக்கூடியது இவ்வளவு. வளைவில் மீடியன் ஓரம் தண்ணீர் நிற்பது பராமரிப்புக் கோளாறு. ஒவ்வொரு மழைக்கும் ஒரே இடத்தில் நிற்கும், அந்த வழியே தினமும் போகும் வேன்காரர்களுக்கும் பஸ் டிரைவர்களுக்கும் அந்த இடம் அத்துப்படி. மதுரை–கன்னியாகுமரி, நெல்லை–தூத்துக்குடி போன்ற தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணுக்கு அழைத்து, ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு, எந்தத் திசையில் போகும் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென்காசி ரோடு, அம்பை ரோடு மாதிரி மாநிலச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறைக் கோட்ட அலுவலகம், இல்லையென்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு. மழை நின்று தண்ணீர் வற்றிய பிறகு போனால் "எங்க நிக்கி?" என்று கேட்பார்கள். நிற்கும்போதே, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.